சௌக்கையில் ஒரு குடித்தனம்

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று சொல்லிவைத்த புண்ணியவான் ஆரல்வாய்மொழிப் பாதையில் ஒரு தடவைகூட லாரி ஓட்டியிருக்க மாட்டான். நடந்து போயிருப்பான். அல்லது அவன் காலத்தில் சாமான் போக்குவரத்து ஒழுங்கு இலாகா பிறந்திருக்காது.

நாகர்கோவில் வடசேரி கோலப்பன் லாரி ஓட்டித்தான் பிழைத்தான். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துப்போட்ட பச்சை லாரி ஒன்றை வாங்கி, உரமூட்டை, ஓடு, தேங்காய் என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டிருந்தான். பிரேக் பிடிக்காத வண்டியில் மலை இறங்கியிருக்கிறான். பெருமழையில் பழையாற்றுப் பாலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருக்கிறான். அதற்கெல்லாம் பயந்தவன் இல்லை. ஆனால் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை வெளியே எடுத்தால் போதும், அவன் வயிறு கலங்கிவிடும்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வருஷங்களில் தாள்கள் நடந்துகொண்ட விதம் அப்படி. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரு வீட்டுத் தாள்களும் சம்பந்தம் செய்துகொண்டு ஏராளமாகப் பெற்றுப்போட்டிருந்தன. மேல் உத்தரவு இங்கிலீஷில் வரும், கீழ் உத்தரவு மலையாளத்தில் இறங்கும், வசவு மட்டும் தமிழில் கிடைக்கும். நெல்லும் அரிசியும் அனுமதியில்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்று பார்க்க ஏற்கெனவே ஓர் இலாகா இருந்தது. அந்த இலாகா சரியாகப் பார்க்கிறதா என்று பார்க்கத்தான் ஒழுங்கு இலாகா. கணவாய்க்கு இந்தப் பக்கம் சாலையோரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, குறுக்கே மூங்கில் ஒன்றைக் கட்டி, அதற்குச் சௌக்கை என்று பேர் வைத்திருந்தார்கள்.

கோலப்பன் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மனைவி உலகம்மையின் முதல் பேறுகாலத்தின்போது அவன் வேறொரு மலைப்பாதைச் சௌக்கையில் ஒரு முத்திரைக்காகக் காத்துக்கிடந்தான். முத்திரை குத்த வேண்டியவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் சாப்பிட்டுத் திரும்பி வந்து, இவன் வீடு வந்து சேர்ந்தபோது, பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டிருந்தார்கள். அதன் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அதை அவன் யாரிடமும் பேசியதும் இல்லை.

இப்போது உலகம்மைக்கு மறுபடியும் நிறைமாசம். இந்த நேரத்தில் போய் கைலாசநாதன் வீட்டுக் குடிபெயர்ப்புக்கு அவன் ஒத்துக்கொண்டது அவனுடைய கெட்ட நேரம். கைலாசநாதன் கணக்குப்பிள்ளை. எல்லைக்கு அந்தப் பக்கம் தாமிரபரணிக் கரையில் ஓர் ஆலையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. வைகாசி முடிய இன்னும் ஒரு நல்ல நாள்தான் பாக்கி. ஆனி பிறந்துவிட்டால் யாரும் குடி போக மாட்டார்கள். வேறு லாரி கிடைக்கவில்லை என்று கையைப் பிடித்துக்கொண்டார். கோலப்பன் வீட்டில் வந்து தயங்கியபடியே சொன்னான். உலகம்மை போகச் சொல்லிவிட்டாள். விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் கிளம்பினார்கள். சாமான் எல்லாம் பின்னால். கைலாசநாதனும் அவர் மனைவி அழகியநாயகியும் முன்னால் கோலப்பன் பக்கத்தில். அழகியநாயகி மடியில் சிவப்புத் துணியில் மூடிய ஏதோ ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். பெண்பிள்ளைகள் மடியில் இருப்பதை என்ன ஏது என்று கேட்பது மரியாதை இல்லையே. கோலப்பன் கேட்கவில்லை.

சௌக்கையில் மூங்கில் இறங்கியிருந்தது. சூப்பிரண்டு தாணுமாலயன் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையச் சந்தனம், முகம் நிறையச் சிரிப்பு. பக்கத்தில் கிளார்க்கு ஜான்ரோஸ், மேசைமேல் கிடந்த தாள்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்துக்கொண்டு நின்றான். காற்று அப்படி. வைகாசிக் கடைசியில் அந்தக் கணவாய்க்குள் நுழைகிற காற்று மாட்டையே தள்ளிக்கொண்டு போகும்.

என்ன சாமான் என்று சூப்பிரண்டு கேட்டார். வீட்டுச் சாமான் என்று கைலாசநாதன் சொன்னார். சூப்பிரண்டு எழுந்து லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வீட்டுச் சாமான்னா அது வீட்டுலல்லா இருக்கணும்?" என்றார் சாந்தமாக. "இது லாரில இருக்கு. லாரில இருந்தா அது சரக்கு. சரக்குன்னா அதுக்கு வியாபார லைசென்ஸ் எங்க?"

கைலாசநாதன் இதை எதிர்பார்த்திருந்தார். கணக்குப்பிள்ளை அல்லவா. பையிலிருந்து கிராம அதிகாரி பார்வத்தியகாரர் கையெழுத்துப் போட்ட சான்று ஒன்றை எடுத்து நீட்டினார். மேற்படியார் மேற்படி வீட்டில் குடும்பத்தோடு வசித்து வருகிறார், சாமான்கள் அவருடையவை என்று அதில் இருந்தது.

சூப்பிரண்டு வாசித்துவிட்டு, இப்போது அந்த வீட்டில் யார் வசிக்கிறார்கள் என்று கேட்டார். பூட்டியிருக்கிறது என்றார் கைலாசநாதன். அப்படியானால் வசித்து வருகிறார் என்பது பொய்தானே என்றார் சூப்பிரண்டு. நேற்றுக் கையெழுத்தானபோது அது உண்மையாக இருந்தது என்று கைலாசநாதன் வாதாடிப் பார்த்தார்.

"நேத்தைக்குள்ள உண்மைய இன்னைக்குக் கொண்டுவந்தா அதுக்குத் தனியா பாஸ் வேணும் சார்," என்றார் சூப்பிரண்டு. "தப்பா நெனைக்காதேயும். சர்க்காரு யாரையும் நம்பாம இல்ல. சர்க்காரு எல்லாரையும் நம்புது. நம்பப்பிடாதுன்னுதான் எங்களுக்குச் சம்பளம் தருது."

கோலப்பன் மேசையருகே போனான். லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்று மெதுவாகக் கேட்டான். மூங்கிலுக்கு முன்னால் வந்து நின்ற வண்டி எழுத்தில் ஏறிவிட்டதாம். எழுத்தில் ஏறியது அந்தப் பக்கமாகத்தான் இறங்க வேண்டுமாம். ஜான்ரோஸ் இதை மிகவும் வருத்தத்தோடுதான் சொன்னான்.

வழி இல்லாமல் இல்லை என்றார் சூப்பிரண்டு. மூன்றாவது விதி இருக்கிறது. சாமான்கள் வீட்டுப் புழக்கத்தில் இருப்பதை அதிகாரி நேரில் கண்டு திருப்தியடைந்தால் வீட்டுச் சாமான் என்று எழுதித் தரலாம். நாகர்கோவிலுக்கு வந்து காண அவருக்குப் பயணப்படி கிடையாது. ஆகவே இங்கேயே இறக்கிப் புழங்கிக் காட்ட வேண்டியது.

அவர் கேலி செய்கிறார் என்று கோலப்பன் ஒரு நிமிஷம் நினைத்தான். கேலி செய்கிறவர் முகத்தில் இவ்வளவு அன்பு இருக்காது. இறக்கினார்கள். சாலையோரப் புறம்போக்கில் கட்டில், பத்தாயம், ஆட்டுரல், அம்மி, பித்தளைப் பானைகள், நிலைக்கண்ணாடி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. சூப்பிரண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

ஆட்டுரலில் அழகியநாயகி வெறும் தண்ணீரை ஊற்றி ஆட்டினாள். அது தேறியது. குடையைக் கைலாசநாதன் விரித்தார். மழை இல்லாததால் குடை நிறுத்தி வைக்கப்பட்டது. கட்டிலில் அவர் உட்கார்ந்தார். கட்டில் உட்காருவதற்கானது இல்லை என்றார் சூப்பிரண்டு. படுத்தார். உறங்க வேண்டும் என்றார். பத்து வருஷம் கணக்கு எழுதிய அந்த மனிதர் நட்ட நடுப்பகலில், நடுரோட்டு வெயிலில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். திருநெல்வேலி பஸ் ஒன்று மூங்கிலருகே நின்று போயிற்று. அதில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் உறங்குவதைப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த முறை தாங்களும் ஏதாவது சாமானோடு இந்த வழியாக வரவேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கண்ணாடியில் யாராவது முகம் பார்க்க வேண்டியிருந்தது. அழகியநாயகி உரலில் இருந்தாள், கைலாசநாதன் உறக்கத்தில் இருந்தார். கோலப்பனைப் பார்க்கச் சொன்னார்கள். அவன் பார்த்தான். உள்ளே இருந்தவன் ஏற்கெனவே கைதாகிவிட்டவனைப்போல இருந்தான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. விளக்கு வைப்பதற்குள் என்று உலகம்மை சொன்னது அவன் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் மிஞ்சியது குத்துவிளக்கு. ஏற்றிக் காட்டச் சொன்னார் சூப்பிரண்டு.

அழகியநாயகி முதல் தடவையாகத் தலையை ஆட்டி மறுத்தாள். குடி போகிற விளக்கைப் புதுவீட்டில்தான் ஏற்றுவது. அதுவும் நிறைநாழிக்குப் பக்கத்தில்தான் ஏற்றுவது. நடுவழியில் ஏற்றுகிற வழக்கம் தங்களுக்கு இல்லை என்று சொன்னாள். ஏற்றாத விளக்கு விற்பனைக்குள்ள பித்தளை என்றார் சூப்பிரண்டு. ஒரு விளக்கு சரக்கானால் மொத்தமும் சரக்கு. மொத்தமும் சரக்கானால் லாரி பறிமுதல், ஓட்டினவன் காவலில்.

கோலப்பன் அவளைப் பார்த்தான். அவன் மனைவிக்கு நிறைமாசம் என்பதை வரும் வழியில் அவளிடம் சொல்லியிருந்தான். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு விளக்கை எடுத்து வைத்தாள். காற்று திரியைப் பற்றவிடவில்லை. தீப்பெட்டி பாதி காலியாயிற்று.

"அண்ணாச்சி, லாரியக் கொஞ்சம் மேக்க மறைச்சு நிறுத்துங்கோ. காத்து அணைச்சுப்போடுகு," என்றாள்.

கோலப்பன் ஓடிப்போய் லாரியைப் பின்னுக்கு எடுத்து, காற்றுக்கும் விளக்குக்கும் நடுவே குறுக்காக நிறுத்தினான். அன்றைக்கு முழுக்க அவனுக்குச் செய்யத் தெரிந்த ஒரே வேலை அதுதான். திரி பற்றியது. அழகியநாயகி மடியோடு வைத்திருந்ததன் சிவப்புத் துணியை விலக்கி, விளக்கின் அருகே பயபக்தியோடு இறக்கி வைத்தாள். நாழி நிறையக் கோபுரமாக நெல். நடுவில் தென்னம்பூக் கொத்து.

சூப்பிரண்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நெல்லு," என்றார்.

அனுமதியில்லாமல் எல்லைக்கு நெல் கொண்டுபோகிற லாரிகளின் கதியைக் கோலப்பன் கண்ணாலேயே கண்டிருக்கிறான். ஒரு மூட்டைக்கு ஒரு சட்டம், ஒரு நாழிக்கு ஒரு சட்டம் என்று கிடையாது. தன்னை விலங்கு போட்டு இழுத்துப்போவதும், உலகம்மை தனியாகக் கிடந்து கதறுவதும் அவன் கண்முன் வந்து நின்றன. அவன் ஓடிப்போய் அந்த நெல்லை வாரி வாயில் போட்டுத் தின்றுவிடலாமா என்றுகூட நினைத்தான்.

கைலாசநாதன் கட்டிலைவிட்டு எழுந்து ஓடிவந்து, இது குடி ஏறுகிற நெல், விற்கிற நெல் இல்லை என்று கும்பிட்டார். சூப்பிரண்டு கண்ணை மூடி யோசித்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கு உதவ வேண்டும் என்றுதான் இருந்தது. அதுதான் கோலப்பனுக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

"ரோட்டுல நெல்லு வச்சிருந்தா குத்தம்," என்றார் கடைசியில். "வீட்டுக்குள்ள வச்சிருந்தா குத்தமில்ல. இப்ப இது வீடா, ரோடா? அதான் கேள்வி. அம்மி இருக்கு, கட்டில் இருக்கு, விளக்கு எரியுது. சுவரு இருந்தாத்தான் வீடு." அவர் கண் லாரிமேல் போய் நின்றது. முகம் மலர்ந்தது. "சுவரு இருக்கே வே. காத்த மறைக்குல்லா? காத்த மறைக்கப்பட்டது சுவரு. ஜான்ரோஸ், எழுது. மேக்குச் சுவரு ஒண்ணு, தகரம், பச்சை."

ஜான்ரோஸ் எழுதினான். எல்லாரும் மூச்சு விட்டார்கள். கைலாசநாதன் சூப்பிரண்டுக்கு நன்றி சொன்னார். கோலப்பன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சாமான் எல்லாம் புழக்கத்தில் இருப்பது நேரில் கண்டு திருப்தியாயிற்று என்று முத்திரையும் விழுந்தது. கொட்டகையிலிருந்து அவர்களுக்கு மோர் வந்தது. கோலப்பன் மோரைக் குடித்துவிட்டு, இனி ஏற்றலாமா என்று கேட்டான்.

எதை ஏற்றுவது என்றார் சூப்பிரண்டு.

அவர் பொறுமையாக விளக்கினார். சாமானை ஏற்ற வேண்டுமானால் லாரி வேண்டும். இங்கே லாரி இல்லை, சுவர்தான் இருக்கிறது. சுவரை எடுக்க வேண்டுமானால் இடிப்பதற்குத் தாசில்தார் அனுமதி வேண்டும். அதற்கு அண்டை வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அண்டை வீடு சௌக்கைதான். சௌக்கை மேலிடத்தைக் கேட்காமல் தனக்கு ஆட்சேபணை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள முடியாது. மேலிடம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

சுவர் இல்லை என்று எழுதிவிடலாமே என்றார் கைலாசநாதன். எழுதலாம், ஆனால் அந்தக் கணமே நெல் ரோட்டுக்கு வந்துவிடும் என்றார் சூப்பிரண்டு. அப்படியானால் நெல்லைக் கொட்டிவிடலாம் என்று கைலாசநாதன் மனைவியிடம் திரும்பினார்.

அழகியநாயகி விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பிடிவாதக்காரி இல்லை. அவளும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"நெறநாழி வச்சு விளக்கும் ஏத்தியாச்சு. குடி ஏறியாச்சுல்லா," என்றாள். "ஏறின குடிய யாராவது கொட்டுவாளா? நாளைக்கு எனக்கு ஒரு பிள்ள பொறந்து அதுக்கு ஒண்ணு வந்தா, ஏன் இப்படி ஆச்சுன்னு நான் யாருட்டப் போய்க் கேப்பேன்?"

சூப்பிரண்டுக்கு அவள் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டுக்காரி ஒப்புக்கொண்டுவிட்டாள், இனி சந்தேகமில்லை, இது வீடுதான் என்று ஜான்ரோஸைக் கூப்பிட்டுச் சொன்னார். ஜான்ரோஸ் சுண்ணாம்பைக் குழைத்து வந்து சுவருக்கு, அதாவது லாரிக்கு, ஒரு வீட்டு நம்பர் போட்டான். வாசல் இல்லாததால் கதவில் போட முடியவில்லை. அதற்கு அவன் மன்னிப்பும் கேட்டான்.

அன்று இரவு அங்கேயே கழிந்தது. விளக்கு வைக்கும் நேரமும் அங்கேயே வந்து போயிற்று.

காலையில் நாகர்கோவிலிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர் ராஜையன் இறங்கி நேரே கோலப்பனிடம் வந்தான். ராஜையனும் வடசேரிதான். உலகம்மைக்கு வலி கண்டிருக்கிறது, மருத்துவச்சி வந்துவிட்டாள், பிள்ளை குறுக்கே கிடக்கிறதோ என்று சந்தேகப்படுகிறாள் என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

கோலப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவனுக்கு அழுகை வந்தது. முதல் பிள்ளையைப் பற்றி அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னான். அதன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னான். கேட்ட சூப்பிரண்டின் கண் நிறைந்துவிட்டது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் மூணு பெண்மக்க உண்டு வே," என்றார். "மனசு இல்லாம இல்ல. ஆனா உத்தரவு போடுகது மனசு இல்லயே."

லாரி இங்கேயே இருக்கட்டும், நான் எதிரே வருகிற பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன் என்றான் கோலப்பன். உடைமஸ்தன் விட்டுப்போன சுவர் கைவிட்ட சொத்து, சர்க்காருக்குச் சேரும் என்றார் சூப்பிரண்டு. அவனுடைய பிழைப்பே அந்த லாரிதான். இருந்தாலும் கோலப்பன் யோசிக்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

சூப்பிரண்டுக்கு முகம் சிவந்தது. இரண்டு நாளில் அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"சர்க்காரு ஓசில வாங்குமா வே? நாங்க என்ன பிச்சக்காரங்களா? முறையா தானப் பத்திரம் எழுதி, பதிவு பண்ணி, நாங்க ஏத்துக்கிடலாமான்னு மேல கேட்டு, அவங்க செரின்னு சொன்னப்பொறவு போவும்."

நாகர்கோவில் போகிற பஸ்ஸும் வந்து நின்று போய்விட்டது. கோலப்பன் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஓடிவிடலாம். ஓடினால் ஜான்ரோஸ் ஓடினவன் என்று எழுதுவான். எழுதினால் வீட்டுக்குப் பின்னாலேயே போலீஸ் வரும், பேறுகால வீட்டுக்குள் பூட்ஸ் காலோடு நுழைவார்கள். அவன் கால் அசையவில்லை. பயம் ஒரு மனிதனை எவ்வளவு நல்ல குடிமகனாக ஆக்குகிறது என்பதை அந்த நேரத்தில் அவனைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

அவனைக் காப்பாற்றியது கருணை இல்லை. ஜான்ரோஸ் சூப்பிரண்டின் காதில் ஒன்று சொன்னான். மத்தியானம் பெரிய ஆப்பீசர் தணிக்கைக்கு வருவதாகப் பஸ்ஸில் தகவல் வந்திருக்கிறது. புறம்போக்கில் ஒரு வீடு, நம்பரோடு, சௌக்கை முத்திரையோடு நிற்கிறது. அது யார் அனுமதியில் கட்டியது என்று அவர் கேட்டால் என்ன பதில்?

சூப்பிரண்டின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்தது. தன் வயிற்றைக் கலக்கும் அதே நோய் அந்த மனிதருக்கும் இருப்பதைக் கோலப்பன் முதல் தடவையாகப் பார்த்தான். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. இவரே பயப்படுகிறார் என்றால் மேலே இருப்பது எப்படிப்பட்டதோ என்று இன்னும் பயந்தான்.

சூப்பிரண்டு கொட்டகைக்கும் லாரிக்குமாக நடந்தார். பிறகு காற்றைப் பார்த்தார். காற்றில் அவருக்கு விடை கிடைத்தது.

"ஜான்ரோஸ், எழுது," என்றார். "மேப்படி வீடு நேத்தைக்கு ராத்திரி பெருங்காத்துல இடிஞ்சு விழுந்துபோச்சு. ஆள்சேதம் இல்ல."

இடிந்த வீட்டுக்காரர்களுக்குச் சட்டத்தில் மிகுந்த இரக்கம் உண்டு. அவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கமும் போகலாம். விளக்கும் கொண்டுபோகலாம், நெல்லும் கொண்டுபோகலாம், பாஸ் வேண்டாம், கேள்வி இல்லை. வீடு இருந்தவரை அசைய முடியாமல் கிடந்த கைலாசநாதன் குடும்பம் வீடு இடிந்த உடனே சுதந்திரமாகிவிட்டது. ஜான்ரோஸே போய் இரண்டு மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு வந்தான். அழகியநாயகி விளக்கை ஒரு பானைக்குள் இறக்கி அணையாமல் எடுத்துக்கொண்டாள். நாழியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறியவள் கோலப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் வராது அண்ணாச்சி. நீங்க பைய போங்கோ," என்றாள்.

கோலப்பனுக்கும் விடுதலை கிடைத்தது. ஆனால் லாரியாக இல்லை. லாரியாகத் திரும்பினால், வந்த லாரி அந்தப் பக்கம் இறங்காமல் எங்கே போயிற்று என்ற கேள்வி வரும். ஆகவே, இடிந்த சுவர் உடைமஸ்தனால் அப்புறப்படுத்தப்பட்டது என்று ஒரு தாள் எழுதி அவன் கையில் கொடுத்தார் சூப்பிரண்டு. கொடுத்துவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வழி முழுக்க இது சுவருதான், கேட்டியா? ஹார்ன் அடிச்சிராதேயும். சுவரு சத்தம் போடாது. யாராவது லாரின்னு கண்டுபிடிச்சா எனக்க ரிப்போட்டு பொய்யாப் போவும். எனக்கும் மூணு பெண்மக்க உண்டு."

கோலப்பன் சுவரை ஓட்டிக்கொண்டு கிளம்பினான். தோவாளையில் பூச்சந்தைக்குப் போகிற வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. அவன் கை ஹார்ன் பந்துக்குப் போயிற்று, சுட்டதுபோலத் திரும்பி வந்தது. வண்டிக்காரர்கள் தாமாகத் திரும்பிப் பார்த்து ஒதுங்குகிறவரை பின்னாலேயே நகர்ந்தான். வெள்ளமடத்தில் ஓர் எருமை சாலையில் படுத்திருந்தது. இறங்கிப்போய் அதன் காதருகே கெஞ்சினான். தொப்பி வைத்த யாரைக் கண்டாலும் வேகத்தைக் குறைத்தான். நிற்கவும் பயம், ஓடவும் பயம். நின்றால் வீட்டில் என்ன ஆகிறதோ என்று பயம், ஓடினால் சுவர் இவ்வளவு வேகம் போகுமா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஒழுகினசேரி வந்தபோது அவன் வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினான். அடுத்த பஸ் பத்துத் தடவை ஹார்ன் அடித்து அவனைத் தாண்டிப் போயிற்று.

வீட்டு முன்னால் ஒரு கூட்டமும் இல்லை. அழுகைச் சத்தம் இல்லை. பேறுகால வீட்டில் சத்தம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். லாரியிலிருந்து இறங்கி, கதவைத் தள்ளித் திறந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உள்ளே உலகம்மை பாயில் கிடந்தாள். வெளுத்துப்போயிருந்தாள், ஆனால் கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்து, "வந்தாச்சா," என்று மட்டும் கேட்டாள். மருத்துவச்சி ஞானம் ஒரு பழந்துணிப் பொதியைக் கையில் வைத்திருந்தாள். பொதி அசைந்தது. பெண்பிள்ளை, விடிந்து கொஞ்ச நேரத்தில் பிறந்தது, படுத்தி எடுத்துவிட்டது, இரண்டு பேருக்கும் இனிக் குறை ஒன்றும் இல்லை என்றாள். பொதியை அவனிடம் நீட்டினாள்.

கோலப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சற்று நேரம் அந்த முகத்தையே பார்த்தான். கண்ணும் மூக்கும் வாயும் எல்லாம் இருந்தன. அவனுக்குக் கண்ணீர் கொட்டிற்று. தொடவில்லை.

"நல்ல வெயிலு அடிக்கு. கொஞ்சம் வெளிய கொண்டுபோய்க் காட்டிட்டு வாறேன்," என்று ஞானம் பிள்ளையோடு எழுந்தாள்.

கோலப்பன் இரண்டு கையையும் நிலையில் ஊன்றி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"வெளிய கொண்டுபோகாதீங்கோ," என்றான். "உள்ள இருக்கவரைக்கும்தான் அது நம்ம வீட்டுது."